பனை நிற்கிறது, ஏறுகிறவரைக் காணோம்

எங்களுடைய வீட்டுச் சுவர்களில் தொங்குகிற ஊர்ப்படங்களில் ஏன் ஒரு மனிதரும் இல்லை?

நான் கண்ட படங்களை வைத்துத்தான் கேட்கிறேன். கோலியர்ஸ் வுட்டிலும் பக்கத்து ரூட்டிங்கிலும் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, அந்தியேட்டி என்று போன வீடுகள் பல. முன்னறையில் சோபாவுக்கு மேலே ஒரு படம் இருக்கும். சில எண்ணெய் வர்ணத்தில் வரைந்தவை. பல கன்வஸ் துணியில் அச்சடித்து வாங்கியவை. பனங்கூடல், பின்னால் சிவந்த வானம். கிணறு இருக்கும், துலா சரிந்து நிற்கும், தண்ணீர் அள்ளுகிறவர் இருக்கமாட்டார். கரையில் வள்ளம் கட்டியிருக்கும், வலைகாரர் இருக்கமாட்டார். கோயிற் கோபுரம் இருக்கும், வீதி வெறிச்சென்று கிடக்கும். ஊரடங்குச் சட்டம் போட்ட நாளில் வரைந்ததுபோல.

போன வருடம் பழைய மாணவர் சங்கம் ஒன்றின் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் கீறித் தரும்படி கேட்டார்கள். நான் கொஞ்சம் படம் கீறுவேன் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு பனையைக் கீறினேன். பனையில் ஒருவர் ஏறுகிறார். காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தியும் முட்டியும். கீழே ஒரு பெண் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். படத்தை வாங்கிய பெரியவர் பண்பான மனிதர். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, படம் நல்லாயிருக்கு. ஆனா அந்த ஆளை எடுத்துவிடும். ஆளைப் போட்டா எந்த ஆள் எண்டு கேள்வி வரும்.”

நான் எடுக்கவில்லை. மலர் சூரிய அஸ்தமனப் புகைப்படத்தோடு வெளிவந்தது. அதைப்பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் சொன்ன வாக்கியம் குசினியில் வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் என்னோடு நின்றது. அது மிகச் சரியான வாக்கியம். வெறும் பனைக்குச் சாதி கிடையாது. அதில் ஒருவரை ஏற்றியவுடன் அவர் யார், எந்தக் குறிச்சி, அவருடைய பிள்ளை இதே பாடசாலையில் படித்ததா, படித்திருந்தால் எந்த வாங்கில் இருந்தது, கோயிலுக்குள் எந்த இடம் மட்டும் வந்தார் என்று ஒவ்வொரு கேள்வியாக மரத்தில் ஏறத் தொடங்கிவிடும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் கோபுரம் எங்கள் பகுதியின் அழகான காட்சிகளில் ஒன்று. 1968இல் அந்தக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போகவேண்டும் என்று கேட்டவர்கள் வாசலில் மறிக்கப்பட்டார்கள். கோபுரத்தை மட்டும் வரைந்தால் அந்த வருடம் படத்தில் வராது.

அப்படியானால் நிலக்காட்சி ஓவியம் என்ற கலைவகையே அந்தக் கேள்வி வராமல் இருப்பதற்காக உண்டானதா? மனிதரை அகற்றிவிட்டு நிலத்தை அழகு என்று சொல்வது குற்றமற்ற காரியமா? நான் ஓவிய விமர்சகன் அல்ல. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்து, பதினொரு வருடமாக றெஸ்ரோறன்ட் குசினிகளில் நிற்பவன். ஆனால் இந்த நகரத்தில் நாஷனல் கலரிக்குள் போகக் காசு கேட்பதில்லை. என்னுடைய லீவு நாள் செவ்வாய். கோலியர்ஸ் வுட்டில் நோர்தேர்ன் லைன் ஏறினால் சாரிங் குறொஸ் போய் இறங்கலாம்.

அங்கே கெயின்ஸ்பறோ ஏறத்தாழ 1750இல் வரைந்த ஒரு படம் இருக்கிறது: அன்றூஸ் தம்பதியினர். புதிதாய்க் கலியாணம் கட்டிய ஒரு நிலவுடைமையாளர், கையிடுக்கில் துவக்கு, பக்கத்தில் நாய். நீல உடுப்பில் மனைவி இரும்பு வாங்கு போன்ற ஒன்றில் அமர்ந்திருக்கிறார். இவர்கள் படத்தின் இடப்பக்கத்தில். வலப்பக்கம் முழுவதும் அவர்களுடைய நிலம். அறுத்த கோதுமைக் கதிர்கள் கட்டுக்கட்டாக நிற்கின்றன. கதிரடித்தாள்கள் நேர்வரிசையில் தெரிகின்றன, விதைக்கும் கருவி கொண்டு விதைத்த வயல் என்பதற்கு அது அடையாளம். அதாவது மிக நவீனமான கமம். அறுவடை இப்போதுதான் முடிந்திருக்கிறது. அறுத்தவர்களில் ஒருவர்கூட இல்லை. வியர்வை துடைக்கிற ஒரு துண்டு, மறந்துவிட்ட ஓர் அரிவாள், ஒன்றுமில்லை. கதிர் தானாக அறுத்துத் தானாகக் கட்டிக்கொண்டதுபோல.

ஜோன் பேர்ஜர் 1972இல் பீபீசியில் செய்த தொடரிலும் அதன்பின் வந்த நூலிலும் இந்தப் படத்தைப் பற்றிப் பேசினார். அவர்கள் இயற்கையை இரசிக்கிறார்கள் என்பதோடு, அந்த இயற்கை தமக்குச் சொந்தம் என்பதையும் அவர்களின் முகமும் நிற்கிற நிலையும் சொல்கின்றன என்பது அவருடைய வாதம். அதை மறுத்தவர்களும் உண்டு. எனக்கு அந்த விவாதத்தில் பெரிய சந்தேகம் இல்லை. பரிமாறுகிறவர் வந்துபோனதே தெரியாமல் மேசையில் சாப்பாடு வந்திருக்கவேண்டும் என்று விரும்புகிற வாடிக்கையாளரை எனக்குத் தெரியும். அந்தப் படம் அப்படியான மேசை.

நிலத்தை வேலியடைக்கிற கதைக்கு நாங்கள் நெடுந்தூரம் போகத் தேவையில்லை. கோலியர்ஸ் வுட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வாண்டில் ஆற்றங்கரையில் பெரிய சென்ஸ்பரி சுப்பர்மார்க்கட் வரும். அந்த இடத்தில்தான் மேர்ட்டன் மடாலயம் இருந்தது. 1236இல் மூன்றாம் ஹென்றி அரசரும் பிரபுக்களும் அங்கே கூடி மேர்ட்டன் சட்டத்தை இயற்றினார்கள். அதன் ஒரு விதி, குடிகளுக்குப் போதுமான மேய்ச்சல் நிலத்தை விட்டுவைத்தால் மிச்சப் பொதுநிலத்தைப் பிரபு தனதாக்கலாம் என்றது. போதுமானது எவ்வளவு என்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது. பின்னர் 1604 முதல் 1914 வரை 5,200க்கு மேற்பட்ட சட்டங்களால் 68 இலட்சம் ஏக்கர் நிலம், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் கூட, இப்படி வேலியடைக்கப்பட்டது. அதன் உச்சக்கட்டமும் ஆங்கில நிலக்காட்சி ஓவியத்தின் பொற்காலமும் ஏறத்தாழ ஒரே காலம். மடாலயத்தை 1538இல் எட்டாம் ஹென்றி இடித்துக் கல்லைக் கொண்டுபோய் அரண்மனை கட்டினார். மிஞ்சிய அத்திவாரத்தில் ஒரு பகுதி வீதிக்குக் கீழே பாதுகாக்கப்படுகிறது. மேலே கார்கள் ஓடுகின்றன. சனங்கள் அரிசியும் கோழியும் வாங்குகிறார்கள், நானும் வாங்குகிறேன்.

(அதே ஆற்றங்கரையில் 1881இல் வில்லியம் மொறிஸ் தன் துணி அச்சுப் பட்டறையை வைத்தார். 1884இல் ஒரு கோலத்துக்கு வாண்டில் என்றே பெயரிட்டார். சோசலிசவாதி, தொழிலாளர் கூட்டங்களில் பேசியவர். அவருடைய துணிகளில் இலையும் பூவும் பறவையும்தான். சாயத்தொட்டியில் நின்றவர்களின் கை எந்தக் கோலத்திலும் இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை, கண்ணிற் பட்டதைச் சொல்கிறேன்.)

இதோடு நிறுத்தினால் நிலக்காட்சி ஓவியம் என்பது நிலவுடைமையாளரின் பொய் என்று முடித்துவிடலாம். அப்படி முடிக்க கொன்ஸ்ரபிள் விடமாட்டார்.

அவருடைய வைக்கோல் வண்டி 1821இல் வரைந்தது. அதே கட்டடத்தில் இருக்கிறது. ஆறு, ஆற்றுக்குள் இறங்கி நிற்கும் வண்டி, இடப்பக்கம் ஒரு குடியானவரின் வீடு, மேகம் நிறைந்த வானம். ஆங்கிலேயரின் பிஸ்கட் பேணிகளில் இதைக் காணலாம். அவர்களுக்கு இது எங்கள் பனங்கூடல். அதனால்தான் 2022 ஜூலையில் எண்ணெய் எதிர்ப்புப் போராட்டக்காரர் இருவர் இதன்மேல் வேறொரு படத்தை ஒட்டி, சட்டத்தில் தங்கள் கையையும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் ஒட்டிய படத்தில் ஆறு இருந்த இடத்தில் வீதி, வானத்தில் விமானம்.

இந்தப் படத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். வண்டியில் ஆட்கள், கரையில் நாய், வீட்டோரம் நீர்த்துறையில் குனிந்த ஒரு பெண், வலப்பக்கம் நாணலுக்குள் ஒருவர். தூரத்து வயலில், மிகவும் சிறிதாக, வெள்ளைப் புள்ளிகள்போல வைக்கோல் வெட்டுகிறவர்கள். கிட்டப்போய்க் குனிந்து பார்த்தாலொழியத் தெரியாது. நான் குனிந்து பார்த்தேன். காவலுக்கு நின்றவர் ஓரடி முன்னே வந்தார்.

கொன்ஸ்ரபிளின் தகப்பன் ஆலைக்காரர், அந்த ஆற்றோரத்தில் மா அரைக்கும் ஆலைகள் வைத்திருந்தவர். ஆகவே மகனும் முதலாளி பக்கத்து ஆள்தான். படம் வரைந்து அடுத்த வருடம், 1822இல், கிழக்கு இங்கிலாந்தில் கூலி குறைந்து வேலையிழந்த கமத்தொழிலாளர் இயந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோற் போர்களுக்குத் தீ வைத்தார்கள். ஓவியத்தில் அந்தப் புகையின் சாயல் எதுவுமில்லை. இந்தக் குறையைச் சொன்ன ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், சரியாகவே சொன்னார்கள். ஆனாலும் அன்றூஸ் தம்பதியினரின் முன்னால் வருகிற கோபம் எனக்கு இங்கே வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று பல செவ்வாய்க்கிழமைகள் யோசித்திருக்கிறேன்.

ஒன்று, அவர் இதை லண்டனில் இருந்துதான் வரைந்தார். ஊரில் எடுத்த குறிப்புப் படங்களை வைத்துக்கொண்டு, ஊரைவிட்டு வந்தவராக, ஆறடி அகலக் கன்வஸில் பிறந்த இடத்தைத் திரும்பக் கட்டினார். இது எங்களுக்கு நன்றாகப் பழகிய வேலை. இரண்டாவது, அவருக்கு அந்த இடத்தின் வேலை தெரியும். வள்ளம் எப்படிக் கட்டுவது, தண்ணீர் எந்த இடத்தில் ஆழம், வண்டிச் சில்லு ஏன் நனையவேண்டும் என்பதெல்லாம் தெரிந்த கை அது. அந்த வெள்ளைப் புள்ளி மனிதர் ஒருவர் எழும்பி வந்து, “ஐயா, நீர் கீறியது பிழை, நான் நின்ற இடம் அதுவல்ல” என்று சொன்னால் அவரோடு வழக்காடுவதற்குப் படத்தில் இடமிருக்கிறது. அன்றூஸின் வயலில் யாரும் வந்து எதுவும் கேட்கமுடியாது. அங்கே யாரும் ஒருபோதும் நின்றதில்லை. நிலக்காட்சி ஓவியத்தில் நேர்மை என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான் என்று நினைக்கிறேன்: விடுபட்டவர் வந்து உரிமை கேட்க முடிகிறதா, இல்லையா?

எங்கள் மரபில் இந்தச் சிக்கலே இல்லை என்று சொல்லச் சிலர் காத்திருப்பார்கள். திணைக் கோட்பாட்டை எடுத்துப் போடுவார்கள். உண்மைதான், அது பெரிய சிந்தனை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். அந்த நிலத்துக்குரிய மனநிலை உரிப்பொருள். மனிதரைக் கழித்துவிட்டு நிலத்தைப் பார்க்கிற வழியே அதில் இல்லை. காத்திருக்க ஒருவர் இல்லாவிட்டால் முல்லை வெறும் காடு. ஐரோப்பாவில் நிலம் பல நூற்றாண்டுகள் புனிதர்களின் முதுகுக்குப் பின்னால் திரைச்சீலையாக இருந்து, 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தில்தான் தன்காலில் நிற்கும் விற்பனைப் பொருளானது. எங்களுக்கு நிலம் ஒருபோதும் திரைச்சீலையாக இருக்கவில்லை. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் சமணர் குகைக்கோயிலின் கூரையில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குளம் ஒன்று இருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் நிறைந்த அந்தக் குளத்துக்குள் ஆட்கள் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். புத்தகத்தில் அச்சான படமாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பச்சை, அந்த நெரிசல்! குளத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்பவர் ஒருவருமில்லை, எல்லோரும் குளத்துக்குள்.

ஆனால் அதே தொல்காப்பியத்தில், அகத்திணையியலில், ஒரு சூத்திரம் உண்டு. அடிமைகளும் ஏவல் தொழில் செய்பவர்களும் அன்பின் ஐந்திணைக்குரிய தலைமக்கள் ஆகமாட்டார்கள், அவர்களைப் பாடுவதானால் அதற்குப் புறமான கைக்கிளையிலும் பெருந்திணையிலும் பாடலாம் என்பது உரைகாரர் கொள்கிற பொருள். மனிதரை நிலத்திலிருந்து அகற்றாத மரபும் சில மனிதரை நிலத்தின் ஓரத்தில்தான் நிறுத்தியது. அட்டைப்படத்துப் பெரியவர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

இடையில் ஒரு விசயம். யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்து ஒரு காட்சி கீறு என்றால் என்ன கீறும்? இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு வீடு, ஒரு தென்னை. நானும் கீறினேன், என் தங்கையும் கீறினாள். குடாநாட்டில் ஒரு மலையும் கிடையாது. மாரியில் ஓடுகிற வழுக்கையாற்றைத் தவிர ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்களில் பலர் மலையைக் கண்ணால் கண்டதே இல்லை. கண்ணுக்கு முன்னால் கிடந்த செம்பாட்டுத் தோட்டத்தையும் வேலியையும் ஒருவரும் கீறவில்லை, அவை காட்சி என்ற வகைக்குள் வராது என்பதை யாரும் சொல்லாமலே அறிந்திருந்தோம். பார்ப்பதற்கு முன்னாலேயே எது பார்க்கத்தக்கது என்று படித்துவிடுகிறோம். ஊரைவிட்டு வந்தபிறகு அந்த இரண்டு மலைக்குப் பதிலாக இரண்டு பனை வந்தது. வேறெதுவும் பெரிதாக மாறவில்லை.

ஆளைப் போட்டுவிட்டால் போதுமா? நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையின் சுவரில் இருப்பது மலையகத்துப் படம். தேயிலை மலை, பனிப்புகார், கொழுந்துக்கூடை முதுகில் தொங்கச் சிரிக்கிற ஒரு பெண். அழகான நாடு என்று வாடிக்கையாளர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்த அழகுக்கு வயது அதிகமில்லை. ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரவில் வர்த்தக அளவில் தேயிலை போட்டார். கோப்பிப் பயிர் நோயில் அழிந்தபின் மலைகள் முழுக்கத் தேயிலையாகின. காட்டை வெட்டி, தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கப்பலிலும் வந்தவர்களைக் கொண்டு உண்டாக்கிய பச்சை அது. அந்தப் பெண் படத்தில் இருக்கிறாள், அவளுடைய லயம் இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவளுடைய முன்னோர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியபோதும் கலண்டர்களில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நிலத்தின் ஓர் அலங்காரமாக ஆளைச் சேர்ப்பது, ஆளை அழிப்பதைவிடப் பெரிய மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தாராகிய நாங்கள் அந்த வாக்கெடுப்பில் எங்கள் தலைவர்களில் ஒரு பகுதியினர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் படத்தைப் பார்க்கவேண்டும்.

இனி எங்கள் ஊர். மயிலிட்டி. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் வெளிக்கிட்டபோது எனக்கு இரண்டு வயது. எனக்கு அந்த ஊர் ஞாபகமில்லை, அம்மா சொன்ன ஊர்தான் தெரியும். அதன்பிறகு அது உயர்பாதுகாப்பு வலயம். முட்கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கலாம், அதுவும் எல்லா இடத்திலுமல்ல. காணியின் உறுதி கையில் இருக்க, காணிக்குள் போகமுடியாமல், தூரத்துப் பச்சையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அவருடைய நிலம் என்னவாகிறது? நிலக்காட்சியாகிறது. உழவோ வலைபோடவோ நடக்கவோ முடியாமல் பார்க்க மட்டும் முடிகிற நிலம். இராணுவம் காங்கேசன்துறையில் தல்செவன என்று ஒரு ஹோட்டலை நடத்துகிறது. கடலைப் பார்த்தபடி தேநீர் குடிக்கலாம். காட்சி மிக நன்றாயிருக்கும், சந்தேகமில்லை.

மயிலிட்டித் துறைமுகமும் அதை ஒட்டிய காணிகளும் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டன. வலிகாமம் வடக்கில் ஒரு பகுதி இன்னும் விடுபடவில்லை. அம்மா போய்ப் பார்த்தார். தங்கை போனில் பிடித்து அனுப்பிய வீடியோவை வேலை முடிந்து போகும் இரவு பஸ்ஸில் பார்த்தேன். 27 வருடம் மனிதர் இல்லாத நிலம். கூரையில்லாத சுவர்களுக்குள் மரங்கள் எழும்பி நின்றன. கொடிகள் மூடிய மதில். வெயில் இலைகளுக்கூடாக விழுகிறது. வேறு யாராவது பார்த்தால் என்ன அழகான இடம் என்றிருப்பார்கள். அந்தப் பச்சைக்குள் அம்மா செருப்பால் பற்றையை மிதித்துக்கொண்டு அலைகிறார், கிணற்றைத் தேடுகிறார். வானத்தைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை. கிணறு கிடைத்தால்தான் குசினி எங்கே என்று கணக்குப் போடலாம், குசினி தெரிந்தால்தான் மற்ற அறைகள். மனிதர் இல்லாத நிலக்காட்சி எப்படி உண்டாகிறது என்பதை வேறெந்தப் படமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டுவார்கள் என்று தெரியும். எங்களை நிலத்திலிருந்து அகற்றினார்கள், எங்களை அகற்றித்தான் அவர்களின் காட்சி உண்டானது, அவ்வளவுதான் கதை. ஆனால் அதே வருடம் ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நாங்கள் ஜூனில் இழந்தவர்கள், அவர்கள் ஒக்ரோபரில் இழந்தவர்கள். நான்கு மாத இடைவெளி. எங்கள் வீடுகளில் தொங்குகிற யாழ்ப்பாண நகரப் படங்களை நினைத்துப் பாருங்கள். நூல்நிலையம் இருக்கிறது. மணிக்கூட்டுக் கோபுரம், நல்லூர், கோட்டை எல்லாம் இருக்கின்றன. சோனகத் தெரு எங்கே? தையற்கடை, இரும்புக்கடை, பள்ளிவாசல் எங்கே? யாரும் திட்டமிட்டு அழித்து வரைந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. படம் அழகாக வரவேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். அன்றூஸின் வயலைக் கீறிய இருபத்துச் சொச்ச வயது இளைஞனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

எங்களுக்கு ஏக்கம் உண்டு, அது உண்மையான ஏக்கம், அதனால் எங்கள் படம் குற்றமற்றது என்பார்கள். ஏக்கம் உண்மையானது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஏக்கம் ஒரு சாட்சியல்ல. அது தனக்கு வேண்டியதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கும்.

காட்சியைக் கைவிட்ட ஒரு ஓவியரைப் பற்றிச் சொல்லவேண்டும். தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட முற்றுப்பெறாத தோம்பு என்ற நூல். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. யாருடைய நிலம், எவ்வளவு, எந்த எல்லை என்று எழுதிவைத்தது. சனாதனன் இடம்பெயர்ந்த எண்பது பேரிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறித் தரச்சொன்னார். அவர்கள் கீறிய கோடுகள், அவற்றைக் கட்டடக் கலைஞர் அளவுப்படமாக்கியது, அவர்கள் சொன்ன கதை, அதற்கு ஓவியர் வரைந்தது, எல்லாம் ஒன்றாக. ஓவியப் பயிற்சி இல்லாதவர்களின் கோணல் கோடுகள். சூரிய அஸ்தமனம் கிடையாது. சாமியறை, விறாந்தை, கிணறு, மலசலகூடம், மாமரம்.

நிலக்காட்சி ஓவியம் ஒரு இடத்தில் நின்று பார்க்கிறது, பார்ப்பவர் எப்போதும் சட்டத்துக்கு வெளியே. தரைப்படத்தில் அப்படி வெளியே நிற்க முடியாது, கதவு எங்கே என்று தெரிந்திருக்கவேண்டும். கிணறு கீறினால் அதில் யார் அள்ளலாம், யாருக்கு ஊற்றிவிட வேண்டியிருந்தது என்று அடுத்த கேள்வி வரும். எல்லைக்கோடு கீறினால் அடுத்த காணிக்காரரின் பெயர் வேண்டும். அட்டைப்படத்துப் பெரியவர் பயந்த கேள்விகள் எல்லாம் இங்கே கோட்டுக்குக் கோடு காத்திருக்கின்றன. அதற்காகப் பனங்கூடல் படங்களைக் கழற்றிக் குப்பையில் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். என் அறையிலும் ஒன்று இருக்கிறது, அம்மா கொடுத்துவிட்டது. பன்னிரண்டு மணித்தியாலம் அடுப்படியில் நின்றுவிட்டு வருகிறவருக்குச் சுவரில் ஒரு வானம் வேண்டும். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் அதைக் காட்டி இதுதான் உங்கள் ஊரா என்று கேட்கும்போது ஓம் என்று சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பொய் அங்கேதான் தொடங்குகிறது, படத்தில் அல்ல.

என்னோடு குசினியில் ஒரு புத்தளத்துப் பெடியன் நிற்கிறான். என்னை அண்ணன் என்பான். புத்தளத்தில் அகதி முகாமில் பிறந்தவன். வாப்பா யாழ்ப்பாணம், சோனகத் தெரு. போன மாதம் ஒரு மத்தியானம் சனம் குறைவு. தோம்பு நூலைப் பற்றி அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடர் எழுதுகிற கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, தான் ஒருநாளும் காணாத வீட்டைக் கீறத் தொடங்கினான். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு மாதுளை. வாப்பா மாதுளையைப் பற்றி மட்டும் அடிக்கடி சொல்லுவார் என்றான். கிணறு எங்கே என்று கேட்டேன். பேனையை வைத்துக்கொண்டு யோசித்தான்.

“அது தெரியாது அண்ணன். பக்கத்து வீட்டோட சேர்ந்த பங்குக் கிணறு எண்டு சொன்ன ஞாபகம். உம்மாட்டக் கேக்கோணும்.”

பக்கத்து வீடு யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவனாகவே தாளின் ஓரத்தில் இன்னொரு சதுரம் போட்டு, உள்ளே ஒரு தமிழ்ப் பெயரை எழுதினான். இரண்டு சதுரத்துக்கும் நடுவில் கொஞ்ச இடம் வெறுமையாக விட்டிருந்தான். அதற்குள் மணி அடித்து ஆறாம் மேசைக்கு ஓடர் வந்துவிட்டது.